பிரிக்பீல்ட்ஸில் குற்றம் பாதியாகக் குறைந்ததாமே, வீடு வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு கேஎல் சென்ட்ரலில் வேலை கிடைத்திருக்கிறது. வேலை முடிய இரவு எட்டு, ஒன்பது ஆகுமாம். கிள்ளானிலிருந்து தினமும் போய்வருவது சிரமம் என்பதால் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே குற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஏஜென்ட் ஒரு வரைபடம் காட்டுகிறார். கோலாலம்பூரிலேயே மோசமான இடம் அதுதான் என்று என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் இன்னொன்று அனுப்புகிறார். எதை நம்புவது? இந்த வாரத்துக்குள் புக்கிங் பணம் கட்டச் சொல்லி ஏஜென்ட் நெருக்குகிறார்.

பதில்: அம்மா, முதலில் அந்தப் புக்கிங் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இரண்டு படத்தில் ஒன்று பொய்யாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே கணக்கை வைத்துக்கொண்டு இரண்டையும் வரைய முடியும். ஏஜென்ட்டின் படம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். 2019 அல்லது அதற்கு முந்தைய ஆண்டாகத்தான் இருக்கும். நாடு முழுவதும் பதிவான குறியீட்டுக் குற்றங்கள், அதாவது போலீஸ் பட்டியல் போட்டு எண்ணும் கொலை, கொள்ளை, திருட்டு மாதிரியானவை, 2019-இல் 83,456. மறு ஆண்டு 65,623. ஒரே ஆண்டில் திருடர்கள் திருந்திவிட்டார்களா? 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் இருந்தால் எவன் வந்து பூட்டை உடைப்பான்? தெருவில் ஆளே இல்லையென்றால் யாருடைய கைப்பையைப் பறிப்பான்? அந்தச் சரிவைக் காட்டித்தான் உங்களிடம் வீடு விற்கிறார்கள். சரிந்து கிடந்த ஆண்டிலிருந்து அளக்க ஆரம்பித்தால் ஏறுவதுபோலவும் காட்டலாம். அது உங்கள் மைத்துனருக்கு வந்த ரகமாக இருக்கலாம்.

அடுத்தது இடம். நமக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்றால் துன் சம்பந்தன் சாலை, பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு. போலீஸ் கணக்கில் பிரிக்பீல்ட்ஸ் ஒரு மாவட்டத்தின் பெயர். பங்சாரும் ஸ்ரீ ஹர்த்தமாஸும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலும் அதற்குள்தான் வருகின்றன. பங்சாரில் ஒரு பங்களாவில் நகை போனாலும் அது பிரிக்பீல்ட்ஸ் கணக்கு. உங்கள் மகள் குடியேறப்போகும் தெருவைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று வகுத்துச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வழியாகத் தினமும் வந்துபோகும் கூட்டம் அந்த வட்டாரத்தின் மக்கள்தொகையில் சேராது. அவர்களுடைய பர்ஸ் பறிபோனால் மட்டும் குற்றக் கணக்கில் சேரும். புக்கிட் பிந்தாங்கை வைத்திருக்கும் டாங் வாங்கி மாவட்டத்துக்கும் இதே தலைவிதிதான்.

தெருவாரியாக இல்லாவிட்டாலும் காவல் நிலைய வாரியாகவாவது கணக்கு வெளியிட்டால் என்ன என்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் வந்தது: மாவட்ட வாரியாக இணையத்தில் உள்ளது, பார்க்கவும். அது எனக்குத் தெரியாதா? அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தானே கேட்டேன்! சரி, விடுங்கள்.

இன்னொன்று, எல்லாக் குற்றமும் கணக்கில் ஏறுவதில்லை. பையில் நாற்பது வெள்ளியோடு பறிகொடுத்தவர் வங்கி அட்டையை முடக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். போலீசுக்குப் போக மாட்டார். இதில் ஒரு விதிவிலக்கு வாகனத் திருட்டு. அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். ரிப்போர்ட் இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது, அதனால் எல்லாரும் போய்ச் செய்கிறார்கள். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருக்கும் பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) காரருக்கு எப்படியும் பணம் வராதே, அவர் ஏன் போகிறார் என்று கேட்பீர்கள். போவார். அவருடைய நம்பர் பிளேட்டோடு எவனாவது வழிப்பறி செய்தால் போலீஸ் தட்டப்போவது அவர் வீட்டுக் கதவைத்தான். சம்மனும் அவர் பெயருக்குத்தான் வரும். தவணை பாக்கிக்காக வங்கி ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துப்போன காரைத் திருட்டு என்று பதறிக்கொண்டு ரிப்போர்ட் செய்பவரும் உண்டு. விசாரித்தால் விஷயம் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் கார், மோட்டார் திருட்டுக் கணக்கு வழிப்பறிக் கணக்கைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் மகளிடம் கார் இல்லை என்றால் இதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது புரோக்கர்களுக்கு வருகிறேன். குற்றப் புள்ளிவிவரத்தை இந்த நாட்டில் யார் படிக்கிறார்களோ இல்லையோ, விற்பவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள். உங்கள் தாமானில் திருட்டு 200 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்று கேமராவும் இரும்புக் கிரில்லும் விற்க வருவான் ஒருவன். எத்தனையிலிருந்து எத்தனை என்று கேளுங்கள். ஒன்று மூன்றானாலும் 200 விழுக்காடுதான்! வீட்டு ஏஜென்ட் அதையே தலைகீழாகச் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

படத்தைக் காட்டியவரின் ரென் (REN) அட்டையை, அதாவது வீட்டு ஏஜென்ட் வேலைக்கான பதிவு அட்டையை, கேட்டு வாங்கிப் பாருங்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாதவர் வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலே செய்யக்கூடாது. அட்டை இருந்தாலும் பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாதீர்கள். அது நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். நிறுவனக் கணக்கில் போட்டால் ரசீது வர நாளாகும், என் கணக்கில் போடுங்கள் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கப் போலீஸ் நடத்தும் செமாக் மியூல் இணையத் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள். அதில் எதுவும் வரவில்லை என்பதற்காக ஆள் சுத்தம் என்று ஆகிவிடாது. இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுகூட இருக்கலாம்.

இந்த மோசடிகள் அந்த வரைபடத்தில் இருக்காது. குறியீட்டுக் குற்றம் என்பது கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு, வழிப்பறி மாதிரியான பட்டியல். போனில் பேசி ஏமாற்றுவது, போலிக் கணக்குக்குப் பணம் போவது எல்லாம் வணிகக் குற்றப் பிரிவின் தனிக் கணக்கு. தெருவில் பை பறிபோகுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். உங்கள் மகளின் சம்பளத்துக்கு ஆபத்து கைப்பேசி வழியாகவும் வரலாம். தேசிய மோசடி உதவி மையத்தின் 997 என்ற எண்ணை அவள் போனில் போட்டு வையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் அழைக்க வேண்டிய எண் அது. மறுநாள் காலை வரை காத்திருக்கக்கூடாது.

வழிப்பறி, திருட்டு ஏதாவது நடந்துவிட்டால் எந்தக் காவல் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். நான்கு வாரம் ஆகியும் தகவல் இல்லையென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைச் சொல்லி விசாரணை நிலையைக் கேளுங்கள். கேட்டதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அப்போ வீட்டை எப்படி முடிவு செய்வது? படங்களை மூடி வைத்துவிட்டு ஒரு வேலை நாளில், இரவு ஒன்பது மணிக்கு, கேஎல் சென்ட்ரலிலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். விளக்கு எங்கே எரியவில்லை, எந்தக் கடை எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துகிறது, நடைபாதை எங்கே முடிந்து சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கீழே இருக்கும் ஜாகாவிடம் (காவலாளியிடம்) கடைசியாக எப்போது, எந்த மாடியில் திருட்டுப் போனது என்று கேளுங்கள். ஏஜென்ட்டைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், தினமும் நடக்கப்போவது அவள்தானே.