இறக்கையில்லாத ஈ கடல் தாண்டியது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்தியதரைக் கடல் தீவான மால்டாவின் குகை வௌவால்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் போகிறபோக்கில் ஒரு வரி வந்தது. வௌவாலின் ரோமத்துக்குள் சிலந்தி மாதிரி ஓடும், இறக்கையே இல்லாத ஒரு ஈ. ஈ என்றால் பறப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பறக்காத ஈ கடல் தாண்டித் தீவுக்கு எப்படி வந்தது? வந்து மாட்டிக்கொண்டபின், தீவுக்குத் தீவு தனித்தனி இனமாக மாறியிருக்க வேண்டாமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. வௌவாலைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். அதன் ரத்தத்தைக் குடிக்கும் இந்த ஈயை மட்டும் ஒழித்துவிட்டால் வௌவாலுக்கு நல்லதுதானே? கடைசியாக, மனிதரைக் கடிக்குமா?

ம.

அன்புள்ள ம.,

மாட்டின் மேலும் நாயின் மேலும் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் போகாமல் பக்கவாட்டில் நழுவி ஓடும் தட்டையான ஈயைப் பார்த்திருப்பீர்கள். வௌவால் ஈ அதற்கு உறவுதான். நிக்டெரிபிடே என்பது குடும்பப் பெயர். நீண்ட ஆறு கால்கள், நுனியில் கொக்கி, உடம்பில் சீப்புப்பல் போல வரிசையாக முட்கள். தலையைப் பின்னால் மடித்து முதுகுப் பள்ளத்தில் வைத்துக்கொள்ளும், ரத்தம் குடிக்கும்போதுதான் நிமிர்த்தும். இறக்கை போய்விட்டது. ஆனால் பறக்கிற ஈக்கள் சமநிலைக்கு வைத்திருக்கும் சின்னக் குமிழ்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன, எதற்கென்று தெரியாமல். பரிணாமம் வீட்டைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

கடல் தாண்டியது வௌவாலின் மேல்தான், வேறு வழியே இல்லை. ஆனால் இந்தப் பதில் கொஞ்சம் ஏமாற்று வேலை. வௌவாலே எவ்வளவு கடல் தாண்டும் என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஸ்பெயினையும் மொராக்கோவையும் பிரிக்கும் ஜிப்ரால்டர் நீரிணை குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர்தான். அக்கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரண்டு கரைகளிலும் உள்ள எலிக்காது வௌவால்களின் மரபணுவை 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒப்பிட்டபோது, அவை கலக்கவே இல்லை என்று தெரிந்தது. அதுவரை ஒன்றென்று நினைத்தது இரண்டு இனமாகிவிட்டது. கூடவே ஒரு வேடிக்கை. மால்டா, சார்டினியா, கோர்சிகா தீவுகளின் எலிக்காது வௌவால்கள் ஐரோப்பியக் கரையின் இனமல்ல, வட ஆப்பிரிக்காவின் மக்ரெப் எலிக்காது இனம்.

ஷ்ரைபர்ஸ் வௌவால் வேறு ரகம். நீண்ட இறக்கை, வேகமான பறப்பு, குளிர்காலக் குகைக்கும் கோடைக்காலக் குகைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வரக்கூடியது. அதன் மேல் வாழும் நிக்டெரிபியா ஷ்மிட்லி, பெனிசிலிடியா கான்ஸ்பிகுவா என்ற இரண்டு ஈக்களும் ஸ்பெயினிலிருந்து காகசஸ் பக்கம் வரை இருக்கின்றன, தீவுகளிலும் அவைதான். நீங்கள் எதிர்பார்க்கிற 'தீவுக்கு ஒரு ஈ' என்ற கதை இங்கே நடக்கவில்லை. எந்த இனம் எங்கே என்பதை வரைபடத்தை விட வௌவாலே அதிகம் தீர்மானிக்கிறது. சைப்ரஸில் பழந்தின்னி வௌவால் இருக்கிறது, எகிப்திலும் இஸ்ரேலிலும் இருக்கும் அதே இனம். அதன் ஈயான யூகாம்ப்சிபோடாவும் அந்தப் பக்கத்து ஈதான். அதே தீவின் பூச்சிதின்னி வௌவால்கள் மேல் வேறு ஈக்கள்.

கடலை விட இந்த ஈயைக் கட்டிப்போடுவது குகைச்சுவர். அதற்கு அதன் பிரசவத்தைச் சொல்ல வேண்டும். இது முட்டையிடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைத் தாய் தன் வயிற்றுக்குள் பால் போன்ற சுரப்பைக் கொடுத்து வளர்க்கிறது. (ஆப்பிரிக்காவின் தூக்கநோய் ஈயான செட்சியும் இப்படித்தான், நெருங்கிய சொந்தம்.) புழு முழுதாக வளர்ந்ததும் தாய் வௌவாலை விட்டு இறங்கிச் சுவருக்கு நடந்துபோய், அங்கே அதை அழுத்தி ஒட்டிவிட்டுத் திரும்புகிறது. புழு சீக்கிரமே இறுகிக் கூட்டுப்புழுவாகிறது. மூன்று நான்கு வாரம் கழித்து வெளியே வரும் புது ஈக்குப் பக்கத்திலேயே வௌவால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டினி.

ஆகவே வௌவால் இடம் மாற்றினால் ஈக்குக் கஷ்டம். ஜெர்மனியின் காடுகளில் பெக்ஸ்டைன் வௌவால்களிடம் இதை அளந்திருக்கிறார்கள். அவை மரப்பொந்துகளையும், வௌவாலுக்கென்றே மாட்டிவைத்த பெட்டிகளையும் அடிக்கடி மாற்றிக்கொள்வதால் பேசிலியா நானா என்ற ஈயின் பெருக்கம் குறைகிறது. 316 சதுர கிலோமீட்டர் உள்ள மால்டாவில் வௌவாலுக்கு அப்படி மாற்றிக்கொள்ள எத்தனை நல்ல குகை இருக்கும்? ஒரே குகைக்குத் திரும்பத் திரும்ப வருவது ஈக்கு வசதி. அதே குகையில் கோடையில் ஆட்கள் புகுந்து வௌவால்களை விரட்டிவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கிற அடுத்த தலைமுறை ஈ மொத்தமும் போய்விடும்.

ஒழிக்கலாமா என்று கேட்டீர்கள். சைப்ரஸில் பழத்தோட்டங்களுக்கு எதிரி என்று சொல்லிப் பல பத்தாண்டுகள் பழந்தின்னி வௌவால்களைச் சுட்டார்கள், குகைகளில் நச்சுப்புகை போட்டார்கள். ஈக்கு மட்டும் என்று அளந்து புகை போட முடியுமா? ஈ சாகிற அளவுக்குப் போட்டால் குட்டி வைத்திருக்கும் தாய் வௌவால்களின் கதி என்ன என்பதை அந்தக் குகைகளே காட்டிவிட்டன.

அப்புறம், ஈயால் வௌவாலுக்குத் தொல்லையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். செகந்திராபாத்தில் 1897-இல் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதை ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியே மலேரியாப் பித்துப் பிடித்து அலைந்தது. அங்கே டியோனிசி என்பவர் வௌவால் ரத்தத்திலும் மலேரியாவின் உறவுக்கிருமி ஒன்றைக் கண்டு 1899-இல் பெயரிட்டார்: பாலிகுரோமோஃபிலஸ். அதைப் பரப்புவது கொசு அல்ல, இந்த ஈதான் என்பது வெகுகாலம் கழித்தே தெளிவானது. ஆனால் அதைச் சுமந்துகொண்டே பெரும்பாலான வௌவால்கள் நன்றாகத்தான் திரிகின்றன. வௌவாலும் சும்மா இருப்பதில்லை. நாள் முழுக்கக் கோதிக்கொண்டே, சிக்கின ஈயைத் தின்றுவிடுகிறது. மேனியெல்லாம் முள்ளும் கொக்கியுமாக ஈ வாழ்வது அதனால்தான்.

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்தது இன்னொருவர். சில ஈக்களின் உடம்பில் சின்ன மயிர் போல ஒரு பூஞ்சை நீட்டிக்கொண்டிருக்கும், ஆர்த்ரோரிங்கஸ் என்று பெயர். உயிரோடிருக்கும் வௌவால் ஈயின் மேல் தவிர வேறெங்கும் அது முளைக்காது. வௌவாலுக்கு ஈ, ஈக்குப் பூஞ்சை. ஈயை ஒழிக்கச் சொன்னீர்களே, இதையும் சேர்த்துத்தான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வௌவாலைக் கையில் பிடிக்கும் ஆராய்ச்சியாளர்களின் சட்டைக்கைக்குள் இது ஏறி ஓடுவது வழக்கம். எப்போதாவது கடிக்கவும் செய்யும். ஆனால் நம் மேல் அதற்குப் பிழைப்பில்லை. வௌவால் ரத்தம் கிடைக்காவிட்டால் இரண்டொரு நாளில் செத்துவிடும்.