பிடோக் ஜெட்டியில் தூண்டில்: கேட்டவர்களுக்குப் பதில்

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் கடலுக்குள் நீளும் மேடையான பிடோக் ஜெட்டிக்கு இருபது வருடமாகத் தூண்டிலும் கையுமாகப் போய்வருகிறேன். பள்ளி விடுமுறை நெருங்குவதால் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

செங்காங்கிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு எட்டு வயது, மீன் பிடிக்க ஆசைப்படுகிறான். உரிமம் எடுக்க வேண்டுமா? என்ன வாங்கித் தருவது?

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட சிங்கப்பூரில் உரிமம் தேவையில்லை, ஆனால் அனுமதித்த இடத்தில்தான் போடலாம். பிடோக் ஜெட்டி அப்படிப்பட்ட இடம். நீர்த்தேக்கங்களுக்குச் சட்டம் வேறு. அங்கே அனுமதியுள்ள பகுதியிலும் செயற்கை இரை மட்டும்தான்.

தம்பிக்கு விலை குறைந்த சின்னத் தூண்டிலும் ஒரு அப்போலோவும் போதும், அக்கா. ஒரே தூண்டில் நரம்பில் ஐந்தாறு குட்டித் தூண்டில் முள், ஒவ்வொன்றிலும் மினுக்கும் இழை. அதைத்தான் இங்கே அப்போலோ என்கிறோம். அடியில் ஈயம் கட்டி நேராகக் கீழே இறக்கி, மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இரைகூட வேண்டாம். தம்பான் மீன் கூட்டம் வந்தால் ஒரே இழுப்பில் மூன்று நான்கு தொங்கும். வெயிலில் அவை துடிக்கும்போது செதில்கள் உதிர்ந்து கையெல்லாம் வெள்ளிப் பொடியாக ஒட்டும். இப்படி ஒருநாள் என் மகள் கை கழுவவே மறுத்துவிட்டாள். நம் ஊர்ச் சாளைக்கு நெருங்கிய உறவுதான் தம்பான்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: ஞாயிறு மத்தியானம் நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன், ஒன்றும் கடிக்கவில்லை. ஜெட்டியில் மீனே இல்லையா?

மீன் இருக்கிறது. நீங்கள் கடிகாரம் பார்த்துப் போயிருக்கிறீர்கள். தண்ணீர் பார்த்துப் போக வேண்டும்.

இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஏறி முடிந்தும், வற்றி முடிந்தும் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அப்போது சின்ன மீன் சிதறிவிடும், பெரிய மீன் தேடி வராது. தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் நீரோட்டம் தூண்களில் மோதிச் சுழலும். சின்ன மீன் அந்த மறைவில் ஒதுங்கும், அதைத் தின்னப் பெரியது வரும். ஆகவே ஏற்றம் தொடங்கிய ஒரு மணி நேரத்திலிருந்து அது முடிவதற்குள் போங்கள். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் இணையத்தளத்திலேயே ஏற்ற வற்ற நேரம் இருக்கிறது.

நம் பாட்டன்மார் பஞ்சாங்கம் பார்த்துக் கடலுக்குப் போனது சும்மா இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், கனமான ஈயம் வேண்டும். அட்டமியை ஒட்டி ஓட்டம் மந்தம். புதியவர்களுக்கு நான் அட்டமியைத்தான் சொல்வேன், ஏனென்றால் நரம்பு பக்கத்து ஆளின் நரம்போடு சிக்காது. மத்தியானத்தை விட்டுவிட்டு விடியலிலோ அந்தியிலோ ஏற்றம் வரும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

தெம்பனிஸிலிருந்து ஓர் இளைஞர்: தூரமாக வீசினால்தான் பெரிய மீனா?

இல்லை தம்பி. பெரிய மீன் உங்கள் காலடித் தூணிலேயே நிற்கலாம். வீசியே ஆக வேண்டுமென்றால் முதலில் பின்னால் திரும்பிப் பாருங்கள். ஜெட்டியில் குழந்தைகள் ஓடும், தாத்தா பாட்டி காற்று வாங்க வருவார்கள். ஒருமுறை பக்கத்தில் நின்றவர் பார்க்காமல் வீசிய முள் என் தொப்பியைக் கொத்திக்கொண்டு போனது. இரண்டு விரற்கடை கீழே வந்திருந்தால் கண். அறுந்த நரம்பையும் அங்கே போடாதீர்கள், பறவைக் காலில் சுற்றும். நான் ஒரு பழைய போத்தலில் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

கேலாங்கிலிருந்து ஒருவர்: செம்பிலாங் குத்திவிட்டால் என்ன செய்வது?

செம்பிலாங் என்பது கடல் கெளுத்தி. முதுகில் ஒன்று, இரு பக்கத்தில் ஒவ்வொன்று என மூன்று விஷ முட்கள். எனக்குக் கட்டைவிரலில் குத்தியிருக்கிறது, வலி தோள்வரை ஏறியது. உடனே பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். சூட்டை மறு கையால் சோதியுங்கள், வலியில் குத்திய கைக்குச் சூடு தெரியாது. அதனால்தான் நான் எப்போதும் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோகிறேன். முள் உள்ளே முறிந்திருந்தாலும், மூச்சு முட்டினாலும், குத்தியது கல்மீன் என்ற கொடிய விஷ மீன் என்றாலும் தாமதிக்காமல் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.

மழை வந்தால் ஒதுங்கி நிற்கலாமா?

மழைக்கு நிற்கலாம், இடிக்கு நிற்கவே கூடாது. திறந்த கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஜெட்டியில் உயரமான பொருள் உங்கள் கார்பன் தூண்டில்தான், அதில் மின்சாரம் பாயும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று திடீரென்று வரும். மேற்கே வானம் கறுத்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கரைக்கு நடங்கள்.

இரவு கூடாரம் போடலாமா?

பூங்காவின் டி, ஜி பகுதிகளில் போடலாம். முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஜெட்டியின் மேல் கூடாது.

துவாஸ் விடுதியிலிருந்து, ராமநாதபுரத்துத் தம்பி: அண்ணே, நேத்து ராத்திரி ஒரு முள்ளுவாளை கிடைச்சுது. இங்கே பாராங்னு சொன்னாங்க. ஊர்ல அம்மா குழம்பு வைப்பாங்க. எனக்கு முள்ளு எடுக்கத் தெரியலை, என்ன பண்றது?

நல்ல மீன் பிடித்திருக்கிறீர்கள் தம்பி! அதன் பல்லுக்கு நரம்பு அறுந்துபோகும், அடுத்த முறை தூண்டில் முள்ளுக்கு மேலே சின்னக் கம்பி கட்டுங்கள். ஜெட்டி உயரமானதால் கயிறு கட்டி இறக்கும் வளைய வலையும் ஒன்று வேண்டும்.

மீன் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டாம். இங்கே சீனர்கள் மீன் உருண்டைக்குச் செய்வதுபோலச் செய்யுங்கள். நடுமுள்ளை ஒட்டி இரண்டாகப் பிளந்து, தோல் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, கரண்டியால் சதையைச் சுரண்டுங்கள். முட்கள் தோலோடு தங்கிவிடும். சதையில் உப்புத்தண்ணீர் தெளித்து ஒட்டும்வரை பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு சேர்த்து உருட்டிக் கொதிக்கும் குழம்பில் போடுங்கள். உருண்டை மேலே மிதந்தால் வெந்துவிட்டது.