தூண்டிலில் பொன் வைப்பார்களா?

கேள்வி: 'வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' என்ற குறளை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "தூண்டிலில் யாராவது தங்கத்தை மாட்டுவார்களா?" என்று கேட்கிறாள். பழைய நூல்களில் 'பொன்' என்று வந்தால் எப்படிப் பொருள் கொள்வது?

பதில்: மகள் கேட்டது நியாயமான கேள்விதான். அங்கே பொன் என்பது தங்கம் இல்லை, இரும்பு. இரைக்குள் மறைந்திருக்கும் தூண்டில் முள்ளைத்தான் வள்ளுவர் சொல்கிறார். பரிமேலழகர் உரையும் இரும்பு என்றே கொள்கிறது. சூதில் கிடைக்கும் வெற்றி இரை மாதிரி, உள்ளே முள் இருக்கிறது. தங்கம் என்று வைத்துப் படித்தால் உவமையே கெட்டுப்போகும்.

பழந்தமிழில் பொன் என்பது தங்கத்துக்கும் பெயர், உலோகம் எதற்கும் பொதுப்பெயர். அதனால்தான் இரும்பைக் கரும்பொன் என்றும் வெள்ளியை வெண்பொன் என்றும் சொல்ல முடிந்தது. ஐம்பொன்னில் செம்பும் ஈயமும் இருந்தும் அது ஐம்'பொன்'தானே! இன்று அந்தப் பொது இடத்தில் 'உலோகம்' உட்கார்ந்திருக்கிறது. அதன் மூலமான வடமொழி 'லோஹ'மும் முதலில் செந்நிற உலோகத்தைக் குறித்து, பிறகு எல்லாவற்றுக்கும் பரவிய சொல்தான்.

சரி, பொன் எங்கிருந்து வந்தது? செய்யுளில் அது 'பொலம்' என்று திரியும் என்கிறது தொல்காப்பியம். பொலந்தார் என்றால் பொன்மாலை. இந்த லகரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் 'பொலி', 'பொலிவு' வந்துவிடும். ஒளிர்வது என்பதே அடிப்படைப் பொருள் என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மலையாளத்தில் பொன்னு. கன்னடத்தில் சொல் முதல் பகரம் ஹகரமாகிவிடும், பால் 'ஹாலு' ஆனதைப் போல, அதனால் ஹொன்னு. சிவாஜி வெளியிட்ட 'ஹொன்' என்ற தங்கக் காசின் பெயரும் இதன் வழி வந்ததே.

அப்புறம், எந்தப் பொருள் என்று பார்க்க அக்கம்பக்கச் சொற்களைக் கவனியுங்கள். 'சுடச்சுடரும் பொன்போல்' என்று அதே வள்ளுவர் சொல்லும்போது சந்தேகமே வேண்டாம், தங்கம்தான். கருவி, ஆயுதம் என்று பேச்சு வந்தால் இரும்பாக இருக்குமா என்று ஒருமுறை யோசியுங்கள். சோழர் கல்வெட்டில் கழஞ்சு, மஞ்சாடி என்று எடை கூடவே வந்தால் தங்கம். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. எடை எதுவும் சொல்லாமல் வெறுமனே 'பத்துப் பொன்' என்று பிற்காலக் கல்வெட்டில் இருந்தால், அது பெரும்பாலும் காசு.