ஒரே பாட்டிலில் இரண்டு சோதனையா?

கேள்வி: என் மகள் மதுரையில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊர்க் கடல்நீரில் மைக்ரோபிளாஸ்டிக், தாவர மிதவை உயிரிகள் பற்றி புராஜெக்ட். ஒரு பாட்டில் கடல்நீர் கொடுத்தால் இரண்டையும் சோதித்து, கிராஃபோடு அறிக்கை தருவதாக ஒரு புராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். 25 ஆயிரம் கேட்கிறார்கள். கட்டலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: கட்டாதீர்கள். ஒரே பாட்டில் என்றபோதே அவர்களுக்கு வேலை தெரியவில்லை என்பது தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் துகளைப் பிரிக்க, நீரிலுள்ள உயிர்ப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கரைப்பார்கள். மிதவை உயிரிகளும் அதோடு போய்விடும். பிறகு எதை எண்ணுவார்கள்? போன வருடத்து மாணவரின் அட்டவணையில் ஊர்ப் பெயரை மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான்.

உயிரிகளுக்குத் தனியாக ஒரு லிட்டர் போதும். எடுத்த இடத்திலேயே உயிரிகள் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலை, நீர் வெளிர் தேநீர் நிறம் ஆகும்வரை விட்டு, இருட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் அடியில் படியும். மேல்நீரை மெதுவாக வடித்துவிட்டு, செட்ஜ்விக்-ராஃப்டர் கண்ணாடியில் ஒரு மில்லி விட்டு எண்ணலாம். கல்லூரி மைக்ராஸ்கோப்பே போதும்.

பிளாஸ்டிக்குக்கு நிறைய நீர் வேண்டும். 5 மி.மீ.க்குக் கீழ் உள்ளதுதான் மைக்ரோபிளாஸ்டிக். எவர்சில்வர் வாளியில் மொண்டு, 0.3 மி.மீ. ஸ்டீல் சல்லடையில் வடிக்கட்டும். பிளாஸ்டிக் குடமும் நைலான் கயிறும் கூடவே கூடாது. பாலியெஸ்டர் சுடிதாரும் வேண்டாம், அதிலிருந்து உதிரும் நார் கடல் கணக்கில் ஏறிவிடும். காய்ச்சி வடித்த நீரையும் இதே சல்லடை வழியாக விட்டு, அதில் எத்தனை நார் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத அறிக்கையை நான் படிப்பதே இல்லை.

பெராக்சைடில் எல்லாம் கரையும் என்றேன். மிதவை உயிரிகளில் டயாட்டம் என்ற வகை விதிவிலக்கு. அதன் ஓடு சிலிக்கா, அதாவது கண்ணாடி ஜாதி. உள்ளிருக்கும் உயிர் கரைந்தாலும் ஓடு நிற்கும். டயாட்டம் ஓட்டைச் சுத்தம் செய்வதே பெராக்சைடில்தான். கீட்டோசெராஸ் என்ற டயாட்டத்துக்கு நீளமான முட்கள் உண்டு. முறிந்து கிடந்தால் புதியவர்கள் பிளாஸ்டிக் நார் என்றே எழுதிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் தொடட்டும். பெரும்பாலான பிளாஸ்டிக் உருகும், சுருளும், சிலிக்கா அசையாது.

எந்த வகை பிளாஸ்டிக் என்பதை, அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் எஃப்.டி.ஐ.ஆர். போன்ற கருவிதான் சொல்லும். பொறுக்கியெடுத்த சில துகள்களை வழிகாட்டி ஆசிரியரின் கடிதத்தோடு பல்கலைக்கழகக் கருவி மையத்துக்கு அனுப்பினால் போதும். கிராஃப் இல்லாத புராஜெக்டைக் கையில் வாங்க மாட்டேன் என்பதும் ஆசிரியர்களாகிய நாங்கள்தான், கருவிக்கு மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வைப்பதும் நாங்கள்தான். பிறகு சென்டர்கள் ஏன் கொழிக்காது?

மாதிரி எடுப்பது மண்டபம் கரையோடு இருக்கட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி வேண்டும். "நான் பாத்துக்கிறேன், ஏறும்மா" என்று படகுக்காரர் யாராவது கூப்பிட்டால் ஏற வேண்டாம். மாட்டினால் பதில் சொல்லப்போவது உங்கள் மகள்தான்.