சம்பளம் வந்த மூன்றாவது வாரமே கை காலி: கடனிலிருந்து வெளியே வர எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருவருக்கும் வேலை இருக்கிறது. மாதம் 45,000, 30,000 என மொத்தம் 75,000 வருகிறது. கிரெடிட் கார்டில் 1,00,000 பாக்கி (மாதம் 3% வட்டி, குறைந்தபட்சத் தொகையான 5,000 மட்டும் கட்டுகிறோம்). தனிநபர் கடனில் 2,40,000 மீதி (ஆண்டுக்கு 15%, மாதத் தவணை சுமார் 11,600, இன்னும் 24 மாதம்). செல்போனுக்கு 3,000 வீதம் மூன்று தவணை பாக்கி. நண்பரிடம் 40,000 கைமாற்று. பட்ஜெட் போட்டாலும் மூன்றாவது வாரம் உடைந்துவிடுகிறது. எதை முதலில் அடைப்பது? எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய கடனாக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் மாதத் தவணைகள் மொத்தம் 19,600. வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. இது மீளக்கூடிய நிலைதான். ஆனால் எதை முதலில் அடைப்பது என்பதற்கு முன்னால் பட்ஜெட் ஏன் உடைகிறது என்று பார்த்துவிட வேண்டும். உடைகிற பட்ஜெட்டை வைத்துக்கொண்டு கடனை அடைத்தால், இந்த மாதம் அடைத்ததை அடுத்த மாதம் அதே கார்டில் திரும்ப வாங்குவீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் பட்ஜெட்டை உடைப்பது தினசரிச் சின்னச் செலவுகள் அல்ல. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் தலைகாட்டும் செலவுகள்தான் உடைக்கின்றன. காப்பீட்டுப் பிரீமியம், வண்டிப் பராமரிப்பு, ஊர்ப் பயணம், மருத்துவம், பரிசுகள் இவையெல்லாம் மாதப் பட்ஜெட் தாளில் இருக்காது. ஒவ்வொன்றும் 'எதிர்பாராத செலவு' என்ற பெயரில் வரும். ஒரு வருடத்தை எடுத்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று மாதாமாதம் வந்துகொண்டேதான் இருக்கும். கடந்த 12 மாத வங்கிக் கணக்கையும் கார்டு பில்லையும் எடுத்து இவற்றை மட்டும் தனியே கூட்டுங்கள். உதாரணமாக பிரீமியம் 14,000, வண்டி 8,000, பயணம் 12,000, மருத்துவமும் பரிசும் 14,000 என்றால் மொத்தம் 48,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,000. இந்த 4,000 இல்லாத பட்ஜெட் பொய்யான பட்ஜெட். சம்பளம் வந்த அன்றே இதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பிரீமியம் கட்டும் நாளில் அந்தக் கணக்கிலிருந்து மட்டும் எடுங்கள்.

இரண்டாவது காரணம் தேதிகள். சம்பளம் 1ஆம் தேதி வந்து தவணை 20ஆம் தேதி போனால், இடையில் கணக்கில் கிடக்கும் பணம் செலவுக்கான பணம் போலத் தெரியும். 20ஆம் தேதி பணம் போதாமல் தவணை திரும்பினால் வங்கி ஓர் அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார், கடன் வரலாற்றிலும் பதிவாகும். தவணைத் தேதியை மாற்றித் தரும்படி கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. சம்பளம் வந்து மூன்று நாளுக்குள் எல்லாத் தவணையும் போய்விட வேண்டும். மீதி இருப்பதை வாரக் கணக்காகப் பிரித்துச் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். மாதத்துக்கு ஒரே தொகையாக வைத்தால் முதல் பத்து நாளில் கை தாராளமாகிவிடும்.

இனி கடன். ஒரு தாளில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: யாருக்கு, யார் பெயரில், மீதி அசல், ஆண்டு வட்டி, தவணை, தேதி, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா. இந்தத் தாளை எழுத உட்காரும் அன்று ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: 'இதை ஏன் வாங்கினாய்?' என்ற கேள்வி அன்றைக்குக் கூடாது. அந்தக் கேள்வி வந்தால் ஏதாவது ஒரு சின்னக் கடன் தாளுக்கு வராமல் ஒளிந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து அது வெளியே வரும்போது முழுத் திட்டமும் சிதறும்.

வட்டியை எழுதும்போது கவனம் தேவை. கார்டின் 'மாதம் 3%' கேட்கச் சின்னதாக இருக்கும். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42.6% ஆகிறது. அதேபோல 'ஃபிளாட் ரேட் 12%' என்று சொல்லி ஓர் ஆண்டுக் கடன் தருவார்கள். 1,00,000 வாங்கி 1,12,000ஐ 12 தவணையாகக் கட்டுகிறீர்கள். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி முழு 1,00,000க்கும் வாங்கப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21.5% கடன். இப்படி எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட முடியும்.

உங்கள் கார்டை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1,00,000க்கு இந்த மாத வட்டி 3,000. நீங்கள் கட்டும் 5,000இல் அசலுக்குப் போவது 2,000தான். குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 5% என்பதால், பாக்கி குறையக் குறைய அதுவும் குறையும். அடுத்த மாதம் 4,900, அதற்கடுத்து 4,802. பில்லில் கேட்டதை மட்டும் கட்டிக்கொண்டே போனால் 31 மாதம் கழித்தும் சுமார் 53,500 பாக்கி நிற்கும். அதற்குள் 1,16,000க்கு மேல் கட்டியிருப்பீர்கள். பில் என்ன கேட்டாலும் 5,000ஐக் குறைக்காமல் கட்டினால் அதே 31 மாதத்தில் கடன் முடிந்துவிடும். 8,000 கட்டினால் 16 மாதம். புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பழைய பாக்கி இருக்கும்போது பொதுவாக வட்டியில்லாக் காலம் கிடைக்காது. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே இன்றே கார்டு எண்ணை எல்லாச் செயலிகளிலிருந்தும் நீக்குங்கள். கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும். வீட்டுச் செலவில் மாதம் 3,000 மிச்சம் பிடிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் அதைக் கடனுக்குக் கொடுக்காமல் தனியே சேருங்கள்; 9,000 ஆகும். 42% வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பது தவறில்லையா என்று தோன்றும். ஆனால் இந்த 9,000 இல்லையென்றால் வண்டி டயர் வெடிக்கும் நாளில் மறுபடி கார்டைத்தான் தேய்ப்பீர்கள். போனஸோ வரவேண்டிய பாக்கியோ வந்தால் முதலில் இங்கேயே போடுங்கள். ஒரு மாத அத்தியாவசியச் செலவு அளவுக்கு இது வளர்வது நல்லது.

மூன்று மாதத்தில் செல்போன் தவணை முடிகிறது. நான்காவது மாதம் முதல் கார்டுக்கு 5,000 + 3,000 + 3,000 = 11,000. பதின்மூன்றாவது மாதம் கார்டு முடிந்துவிடும். பிறகு நண்பருக்கு 10,000 வீதம் நான்கு மாதம். அதன்பின் அந்தத் தொகை முழுவதும் தனிநபர் கடனின் தவணையோடு சேரும்; 24 மாதக் கடன் 21ஆவது மாதமே தீரும். ஒரு கடன் முடிந்ததும் விடுபட்ட தவணையை அந்த மாதமே அடுத்த கடனுக்குத் திருப்ப வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மாதம் அது வீட்டுச் செலவில் கலந்துவிட்டால் திரும்பப் பிரிப்பது மிகக் கடினம்.

வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதா, தொகை சின்னதை முதலில் அடைப்பதா என்ற விவாதம் எப்போதும் உண்டு. கணக்குப்படி வட்டி அதிகமானதுதான் சரி. இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும் சின்னக் கடன் இருந்தால் மட்டும் அதை முதலில் முடிக்கலாம், ஏனென்றால் ஒரு தவணை உடனே விடுபடுகிறது. நண்பரின் பணத்துக்கு வட்டி இல்லை, அதனால் அது பின்னால் வருகிறது. ஆனால் அவரிடம் மௌனமாக இருக்காதீர்கள். எந்த மாதம் தொடங்கும், எவ்வளவு வீதம் என்று இப்போதே தேதியோடு சொல்லிவிடுங்கள். அவருக்கே அவசரம் என்றால் வரிசையை மாற்றலாம்; அதற்கு ஆகும் கூடுதல் வட்டியைவிட நட்பு பெரிது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடன் வாங்கலாமா? மொத்தம் 3,89,000ஐ 16% வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாற்றினால் தவணை 9,460ஆக இறங்கும். இப்போது கட்டுவதில் பாதிகூட இல்லை என்று நிம்மதியாகத் தோன்றும். ஆனால் வட்டி மட்டும் 1,78,000க்கு மேல். மேலே சொன்ன வரிசையில் போனால் எல்லாக் கடனுக்கும் சேர்த்து வட்டி 63,000 அளவில் நின்றுவிடும். போதாததற்கு, வட்டியில்லாத நண்பரின் பணத்தையும் வட்டிக் கடனாக மாற்றிக்கொள்கிறீர்கள். கார்டு பாக்கியை மட்டும் 12 மாதத்துக்குள் முடியும் குறைந்த வட்டிக் கடனாக மாற்ற முடிந்தால், செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்து மாற்றுங்கள். மாற்றிய அன்றே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். காலியான கார்டு மறுபடி நிரம்பினால் இரண்டு கடன் கையில் இருக்கும்.

இருவர் சேர்ந்து நடத்தும் பட்ஜெட்டில் பங்கைச் சரிபாதியாக வைக்க வேண்டாம். உங்கள் வருமானம் 60க்கு 40. பொதுச் செலவும் கடனும் அதே விகிதத்தில் பொதுக் கணக்குக்கு வரட்டும். ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்காத ஒரு சிறு தொகையும் வேண்டும், சமமாக. அது இல்லாத பட்ஜெட்டில் ஒருவர் காவலர், இன்னொருவர் குற்றவாளி ஆகிவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து வாரத் தொகையில் மீதி எவ்வளவு, அடுத்த வாரம் என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

வேலை போய்விட்டாலோ வருமானம் குறைந்தாலோ முதலில் வீட்டு வாடகை, சாப்பாடு, மருந்து, மின்சாரம். அடுத்து அடமானம் வைத்து வாங்கிய கடன் இருந்தால் அது. கார்டும் தனிநபர் கடனும் அதன் பிறகு. தவணை தவறுவதற்கு முன்பே நிறுவனத்திடம் பேசிக் கால நீட்டிப்புக் கேளுங்கள். தவறிய பிறகு பேரம் பேசும் இடம் சுருங்கிவிடும். மருத்துவக் காப்பீட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒவ்வொரு கடன் முடியும்போதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். வங்கியில் அந்தக் கடனுக்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதியை ரத்துசெய்யுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு 'முடிந்தது' என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். 'செட்டில்டு' என்று இருந்தால் முழுத் தொகை கட்டப்படவில்லை என்று பொருள்; நீங்கள் முழுவதும் கட்டியிருந்தால் சான்றிதழை இணைத்து அதைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.