சும்மா உட்கார்ந்தால் பதறுகிறது

அன்புள்ள மேடம்,

எனக்கு 37 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன், மாதச் சம்பளம். கணவர் மின்வாரியத்தில் வேலை. 8 வயதில் ஒரு பெண். கடன், சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

காலை 5 மணிக்கு எழுந்ததும் அன்றைய வேலைகளை வரிசையாக எழுதி வைப்பேன். பாத்திரம் கழுவும்போதும் காதில் ஏதாவது பாடம் ஓடும், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். தியானத்துக்கு ஒரு ஆப் வைத்திருக்கிறேன். 43 நாள் விடாமல் செய்தேன். 44ஆம் நாள் ஊரில் அம்மன் கோயில் கொடை, மறந்துவிட்டது. அன்றிரவு அழுதே விட்டேன். வாட்ச்சில் 10,000 அடி நிறையவில்லை என்றால் இரவு 11 மணிக்கு ஹாலில் முன்னும் பின்னும் நடப்பேன்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். பீடி சுற்றித்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தாள். கண் சரியாகத் தெரியாததால் இப்போது விட்டுவிட்டாள். சாயங்காலமானால் பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பெற்றவள் மேல் எரிச்சல்படுகிறோமே என்று பிறகு குற்ற உணர்ச்சி வேறு.

போன வாரம் மகளோடு தாயம் விளையாட உட்கார்ந்தேன். கட்டையை உருட்டும் முன் அவள் கேட்டாள்: "டைமர் வச்சிட்டியாம்மா?" வைத்திருந்தேன், 20 நிமிடத்துக்கு. அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

* * *

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில் நான் நின்றுவிட்டேன். பீடி.

பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மடியில் தட்டு, அதில் வெட்டிய இலை, தூள், நூல். பேச்சு நடக்கும், டி.வி. ஓடும், பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதும் நடக்கும். கை மட்டும் நிற்காது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதானே? கை நின்றால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் அந்த வாரம் அரிசியோ உங்கள் நோட்டோ இடிக்கும். சுற்றியது சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்த உழைப்பும் போச்சு. உங்கள் அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை, கை ஓய்ந்தால் ஏதோ கெட்டுவிடும் என்று யாரும் சொல்லித்தராமலே படித்துக்கொண்டது.

இப்போது உங்களுக்கு மாதச் சம்பளம். இரவு 11 மணிக்கு ஹாலில் நடப்பதற்கு யாரும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி தருவதில்லை. ஆனாலும் எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள்.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்ததற்கு மறு ஆண்டு, 1965இல், நடக்கும் அடிகளை எண்ணும் சின்னக் கருவி ஒன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பெயர் 'மான்போ கெய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விற்பதற்கு வாகான ஒரு முழு எண், அவ்வளவுதான். சராசரி 72 வயதுள்ள பெண்கள் சுமார் 17,000 பேரைத் தொடர்ந்து கவனித்து அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் வயதுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. நடப்பது நல்லதுதான், நடங்கள். தூங்க வேண்டிய நேரத்தில் ஒரு பொம்மைக்குப் பயந்து நடக்க வேண்டாம் என்கிறேன்.

தியான ஆப்பைக் கொஞ்ச நாளைக்கு நீக்கிவிடுங்கள். அமைதிக்கு வருகைப் பதிவேடு போடும் இந்தச் சமாச்சாரத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. 43 நாள் அமைதியைத் தேடிய ஒருவரை 44ஆம் நாள் அழவைத்திருக்கிறது!

அம்மா மேல் எரிச்சல் வருவதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். உங்களுக்கு நீங்களே அனுமதிக்காத ஒன்றை அவர் கண்ணெதிரே கூச்சமில்லாமல் செய்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மகள் விஷயம். டைமரை எடுத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை விளையாடுங்கள். தாயம் சீக்கிரம் முடியாது, தெரியும். வாரம் ஒரு நாள் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படபடப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, கை நடுக்கம் ஏதாவது இருந்தால் ஒருமுறை தைராய்டு சோதித்துப் பாருங்கள். தூக்கமின்மையோ அழுகையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அவசரமாகப் பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

சரி, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. சாயங்காலம் அம்மா படியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அடுப்பு, துணி, ஆபீஸ் மெயில் எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். நெஞ்சு பதறும். பதற்றம் ஏறும்போது எழுந்துவிட்டால், எழுந்ததால்தான் தப்பித்தோம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும், அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் விரட்டும். எழாமல் இருந்தால் அது ஓரளவு ஏறி, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். முதல் நாளே இறங்காது, நாலைந்து நாள் பிடிக்கலாம். அம்மா பேசினால் பேசுங்கள். அந்த நாளில் ஆயிரத்துக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

போனையும் வாட்ச்சையும் உள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள். போகிற போக்கில் ஆய்வதற்கு ஒரு கட்டு கீரையை எடுத்துக்கொள்ளத் தோன்றும், அதையும் வைத்துவிடுங்கள்.