வியாழன் முடியாவிட்டால் சனிக்கிழமை

கேள்வி: அமெரிக்காவின் ஓஹையோவில் 11 வருடம் இருந்துவிட்டு ஏப்ரலில் மியூனிக் வந்தோம். அங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு 10 வயது. "இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் உண்டா?" என்று தினமும் கேட்கிறாள். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வான்கோழி விருந்தோடு வரும் அமெரிக்க நன்றித் திருநாள் அது, இங்கே அன்று பள்ளி, ஆபீஸ் எல்லாம் உண்டு. "பொங்கலையே குக்கரில் முடிக்கிறோம், இந்த ஊரில் இல்லாத பண்டிகைக்கு வான்கோழியா?" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
- வாசகி, மியூனிக்

பதில்: கொண்டாடுங்கள் தோழி. உங்கள் கணவருக்கு அது ஆபீஸ் லீவு விட்ட நாள், ஆனால் மகளுக்கு அது பிறந்த ஊர்ப் பண்டிகை, உங்களுக்கும் அவருக்கும் பொங்கல் எப்படியோ அப்படி. வீட்டில் மூன்று பேருமே ஊர் மாறியிருக்கிறீர்கள், சொந்த ஊரை விட்டு முதல்முறையாக வந்திருப்பது அவள் மட்டும்தான். அதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

நாள் ஒரு பிரச்சினையே இல்லை. 1939-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் தள்ளியபோது சில மாநிலங்கள் புது நாளிலும் சில பழைய நாளிலும் கொண்டாடின, நவம்பர் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்ததே 1941-இல்தான். பொங்கலையே சனிக்கிழமைக்கு மாற்றி ஹால் பிடித்துக் கொண்டாடுகிறவர்கள் நாம், இதையும் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வான்கோழி. வாங்கும் முன் உங்கள் ஓவனை அளந்துவிடுங்கள். டோக்கியோவில் நான் முதல் வருடம் அளக்காமல் வாங்கி, அதன் கால்களை மடக்கிக் கட்டியும் ஓவன் கதவு மூடாமல், ராத்திரி பத்து மணிக்குத் துண்டு போட்டு இரண்டு தடவையாக வேகவைத்தேன். ஜெர்மனியில் முழு வான்கோழி கிறிஸ்துமஸை ஒட்டித்தான் தாராளமாகக் கிடைக்கும், அதனால் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உறைந்தது என்றால் ஐந்து கிலோவுக்கு ஃப்ரிட்ஜிலேயே மூன்று நாள் வேண்டும். தொடையின் தடித்த பகுதி 74 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் வெந்தது. இத்தனை பாடு வேண்டாம் என்றால் இரண்டு முழுக்கோழி போதும், அவள் குறை சொல்லமாட்டாள். ஆனால் பம்ப்கின் பை (pie) என்கிற பூசணி இனிப்பை விட்டுவிடாதீர்கள். டின் பூசணியைத் தேடி அலைய வேண்டாம், இலையுதிர் காலத்தில் அங்கே கடைக்குக் கடை குவிந்திருக்கும் ஆரஞ்சு நிற ஹொக்கைடோ பூசணியைச் சுட்டு மசித்தால் அருமையாக வரும், தோலைக்கூட சீவ வேண்டாம். வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் கிரான்பெரி சாஸுக்குப் பதில் ஒரு பாட்டில் பிரைசல்பேரன், அதே மாதிரி புளிப்பான சிவப்புப் பழம்.

இந்தப் பண்டிகையின் தொடக்கமாகச் சொல்லப்படும், 1621-இல் அமெரிக்காவின் பிளிமத்தில் வாம்பனோக் பழங்குடி மக்களும் இங்கிலாந்துக் குடியேறிகளும் சேர்ந்து சாப்பிட்ட கதையைப் பள்ளியில் படித்திருப்பாள். அந்தப் பழங்குடியினருக்குப் பின்னால் நேர்ந்ததையும், 1970 முதல் அதே நாளைப் பூர்வகுடிகள் அதே ஊரில் துக்க நாளாக அனுசரிப்பதையும் சொல்லுங்கள். பத்து வயதுக்கு அது புரியும்.

இதையெல்லாம்விட முக்கியம், மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். பண்டிகைக்குப் போக வீடில்லாதவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது ஓஹையோவில் நீங்களே பார்த்த வழக்கம்தானே, முதல் வருடம் உங்களையும் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரரை, அவள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பத்தைக் கூப்பிடுங்கள். அக்டோபரில் எர்ன்டெடாங்க் என்று அறுவடைக்கு நன்றி சொல்லிக் கொண்டாடுகிற ஊர் அது, அமெரிக்கர்களின் எர்ன்டெடாங்க் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அழைப்பை உங்கள் மகளே ஜெர்மனில் எழுதட்டும், பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே கொடுங்கள்.